ஆற்றோரப் பூங்கா: கோத்தோங்-ரோயோங்குக்கு அப்பால் என்ன எழுதலாம்?

“உம் வட்டாரத்தில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஆற்றோரப் பூங்காவைச் சமூகத்தின் உதவியுடன் மேம்படுத்தும் வழிகளை விளக்கி எழுதுக.” இப்படி ஒரு தலைப்பைப் படிவம் 5 வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். முப்பது தாள் வந்தால் அதில் இருபத்தைந்து ஒரே மாதிரி இருக்கும். முதல் பத்தியில் ஒரு குறள், அடுத்ததில் கோத்தோங்-ரோயோங், அதற்கடுத்து அறிவிப்புப் பலகை, பிறகு அபராதம். கடைசியில் எல்லாரும் ஒன்றுபட வேண்டும் என்று ஒரு வாக்கியம். இலக்கணப் பிழை இருக்காது. ஆனால், படித்து முடித்த பிறகு அந்தப் பூங்கா எந்த ஊரில் இருக்கிறது, அங்கே ஏன் நாற்றம் அடிக்கிறது, அதை யார் சரி செய்வது என்று ஒன்றுமே நமக்குத் தெரியாது.

பசங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கருத்து விளக்கக் கட்டுரைக்குச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கை நாம்தான் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகவே. ஆசிரியர்கள் அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம். தேர்வெழுதும் மாணவர்கள் நேரடியாகப் படித்துக் குறிப்பெடுக்கலாம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஆற்றோரப் பூங்கா மற்றப் பூங்காக்களைப் போன்றது அல்ல. ஊஞ்சல், சறுக்கு, நடைபாதை எல்லாம் நன்றாக இருந்தாலும் பக்கத்தில் ஓடும் தண்ணீர் நாறினால் அங்கே யாரும் போக மாட்டார்கள். ஆள் போகாத இடத்தில் புல் வளரும், விளக்கு உடையும், இரவோடு இரவாக யாராவது பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே, பூங்காவின் நிலையை முடிவு செய்வது ஆறு. ஆற்றின் நிலையை முடிவு செய்வது அதற்குள் வந்து விழும் லோங்காங். லோங்காங்கின் நிலையை முடிவு செய்வது நம் வீட்டுச் சமையலறையும் நாம் சாப்பிடும் கடையும். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் கட்டுரை தானாக நகரும்.

ஏன் நாறுகிறது என்பதை அறிவியல் பாடத்திலிருந்து எடுத்துக் கொள்ளலாம். எண்ணெய், சோறு, மீன் கழுவிய தண்ணீர், சவர்க்கார நீர் ஆகியவை ஆற்றில் கலக்கும்போது அவற்றைத் தின்று சிதைக்க நுண்ணுயிர்கள் பெருகும். அவை தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். உயிர்வளி தீர்ந்துபோனால் மீன் சாகும். அதன்பிறகு உயிர்வளி இல்லாமலேயே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். அழுகிய முட்டை நாற்றம் அப்போதுதான் கிளம்புகிறது. நம் நாட்டில் ஆற்று நீரை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு நீரில் ஒரு லிட்டருக்கு 7 மில்லிகிராம் கரைந்த உயிர்வளி இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் 3 முதல் 5. ஐந்தாம் வகுப்பில் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஐந்தாம் வகுப்பு என்றால் செத்த ஆறு என்று சாதாரணமாகச் சொல்லிவிடலாம். கரைந்த உயிர்வளியோடு சேர்த்து மொத்தம் ஆறு அளவீடுகளைக் கொண்டு சுற்றுச்சூழல் துறை நீர்த்தரக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. குறியீடு 81க்கு மேல் இருந்தால் தூய்மையான ஆறு. 60க்குக் கீழே போனால் தூய்மைக்கேடு அடைந்த ஆறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழிவறை நீர் குழாய் வழியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஆனால் பழைய தாமான்களிலும் கடைவீடுகளிலும் சமையலறைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் பெரும்பாலும் நேராக லோங்காங்கில்தான் விழுகின்றன. லோங்காங் நேராக ஆற்றில் விழுகிறது. இடையில் எந்த வடிகட்டியும் இல்லை. மாணவர்களிடம் கேட்டால் பலர் “லோங்காங் தண்ணியையும் சுத்தம் பண்ணித்தானே சார் ஆத்துல விடுவாங்க?” என்றுதான் சொல்கிறார்கள்.

இனி, நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஓர் எடுத்துக்காட்டு. பெட்டாலிங் ஜெயாவில் சுங்கை வே என்ற சிற்றாறு ஓடுகிறது. அது சுங்கை பெஞ்சாலாவில் கலந்து, அங்கிருந்து கிள்ளான் ஆற்றுக்குப் போகிறது. அதைச் சுற்றிலும் தொழிற்சாலைகள், பழைய புதுக்கிராமம், கடைவீடுகள், அடுக்குமாடி வீடுகள். 2007இல் அந்த ஆறு ஐந்தாம் வகுப்பில் கிடந்தது. அந்த ஆண்டு உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்ற அரசு சாரா அமைப்பு, அங்குள்ள ஒரு மதுபான நிறுவனத்தின் அறநிறுவனம் கொடுத்த நிதியோடு, வட்டார மக்களைச் சேர்த்துக்கொண்டு ஆற்றைச் சீர்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஆறு மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தது. ஆற்றங்கரையிலேயே ஒரு திறந்தவெளி வகுப்பறையும் உருவானது. (நிதி யாருடையது என்று உங்கள் பள்ளியில் கண்டிப்பாகக் கேட்பார்கள். அது குடியிருப்பாளர்களோடு சேர்ந்து நடந்த திட்டம். பள்ளி என்ற முறையில் நிதி வாங்குவதற்குக் கல்வி அமைச்சின் விதிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

மூன்றாம் வகுப்பு என்பது என்ன பெரிய சாதனை என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. மூன்றாம் வகுப்பு நீரில் இறங்கிக் குளிக்க முடியாது; அதற்கு இரண்டாம் வகுப்பின் ‘பி’ பிரிவு வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்பு நீரில் மீன் வாழும், கரையில் நின்றால் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. ஒரு பூங்காவுக்கு அது போதும். கட்டுரையில் “ஆறு படிகம் போல் தெளிவாகும்” என்று எழுதுவதைவிட “கரையில் அமர்ந்து பேசக்கூடிய நிலைக்கு வரும்” என்று எழுதுவது நம்பும்படியாக இருக்கும்.

சுங்கை வே திட்டத்தை நான் வகுப்பில் சொல்வதற்குக் காரணம், அது ஒரு நாள் கூத்தாக முடியவில்லை என்பதுதான். தூய்மைக்கேடு எங்கிருந்து வருகிறது என்று தேடுவது, நீரைத் தொடர்ந்து சோதிப்பது, பள்ளி மாணவர்களையும் குடியிருப்பாளர்களையும் அந்தச் சோதனைக்குப் பழக்குவது என்று வேலை ஆண்டுக்கணக்கில் போனது. கோத்தோங்-ரோயோங் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு பேர் சேர்ந்து நாற்பது மூட்டைக் குப்பை அள்ளி, நாசி லெமாக் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனபிறகு, அடுத்த பெருமழையில் மேல்நிலத்துக் குப்பை மீண்டும் அதே இடத்தில் வந்து ஒதுங்கும். குப்பை வரும் வழியை அடைக்காமல் வந்த குப்பையை மட்டும் அள்ளுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கோலாலம்பூரில் நடந்ததையும் ஒப்பிட்டுச் சொல்லலாம். ‘வாழ்வு நதி’ என்று நாம் மொழிபெயர்த்துச் சொல்லும் திட்டத்தில் கிள்ளான் ஆற்றுப் படுகையில் 110 கிலோமீட்டர் தூரத்துக்கு நீரைத் தூய்மைப்படுத்தவும், கிள்ளான், கோம்பாக் ஆறுகளின் ஓரமாக 10.7 கிலோமீட்டரை அழகுபடுத்தவும் திட்டமிட்டார்கள். மஸ்ஜிட் ஜாமெக் அருகே இரண்டு ஆறுகளும் சேரும் இடத்தில் மாலையில் நீல விளக்கும் பனிமூட்டமும் பார்த்திருப்பீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்திலும் வடிகால் நீர்ப்பாசனத் துறை மக்களைச் சென்றடைவதற்கென்றே தனியாக ஒரு பகுதியை வைத்தது. உணவகங்கள், சந்தைகள், பள்ளிகள், குடியிருப்புகள் என்று மேல்நிலத்தில் மக்களிடம் போய்ப் பேசாவிட்டால் கீழே எவ்வளவு பணம் கொட்டினாலும் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா இன்னொரு வகை. பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் சிமெண்டு கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை, சிமெண்டை உடைத்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் இயற்கை ஆறாக மாற்றினார்கள். 2012இல் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. உடைத்த சிமெண்டுத் துண்டுகளை வெளியே கொட்டாமல் பூங்காவுக்குள்ளேயே ஒரு மேட்டைக் கட்டப் பயன்படுத்தினார்கள். மழை பெய்தால் புல்வெளியே வெள்ளம் நிற்கும் இடமாகிவிடும். தண்ணீர் ஏறுவதற்குள் மக்கள் விலகிக்கொள்ள எச்சரிக்கைக் கருவிகள் இருக்கின்றன. இது அரசாங்கம் பெரும் பொருட்செலவில் செய்தது. ‘சமூகத்தின் உதவியுடன்’ என்று தலைப்பு கேட்டால் இதை மட்டும் எழுதிவிட்டுப் போவது பொருந்தாது என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் இருக்க வேண்டும்.

அந்தச் சொல்லுக்கு நேராகப் பொருந்துவது நியூயார்க் நகரத்தின் தெற்குப் பிராங்ஸ். அது ஏழைகள் மிகுந்த வட்டாரம். ஊர்க் குப்பை எல்லாம் அங்கேதான் வரும். அங்கே வளர்ந்த மஜோரா கார்ட்டர் என்ற பெண்மணி, தன் நாயோடு ஓடப்போகும்போது அந்த நாய் இழுத்துக்கொண்டு போய்க் காட்டியது பிராங்ஸ் ஆற்றின் ஓரமாக இருந்த ஒரு குப்பைமேடு. 1990களின் கடைசியில் 10,000 டாலர் தொடக்க நிதி கிடைத்தது. அக்கம்பக்கத்தாரும் வணிகர்களும் சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்தார்கள். பிறகுதான் நகர நிர்வாகம் உள்ளே வந்தது. அந்தச் சின்னத் தொகை 3 மில்லியன் டாலர் பூங்காவாக வளர்ந்தது. இன்று ஹண்ட்ஸ் பாயிண்ட் ஆற்றோரப் பூங்கா என்று அதற்குப் பெயர். மக்கள் முதலில் கைவைத்துக் காட்டினார்கள், அரசு பின்னால் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சரி, நம்ம சுங்கை பூலோவுக்கு வருவோம். பூலோ என்றால் மூங்கில். ஊரின் பெயரே மூங்கில் ஆறு. 1930இல் இங்கே தொடங்கிய தொழுநோயாளிகள் குடியேற்றத்தில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்தார்கள். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வீட்டுத் தோட்டத்துக்குச் செடி வாங்க இங்கேதான் வருகிறது. இன்னொரு பக்கம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய தோட்ட நிலம் இப்போது நகரமாகிக்கொண்டிருக்கிறது. காடும் தோட்டமும் இருந்தபோது மழைநீரை மண் குடித்தது. கூரையும் தார்ச்சாலையும் வந்தபிறகு அதே மழை சில நிமிடங்களில் லோங்காங் வழியாக ஆற்றுக்கு வந்துவிடுகிறது. கரை அரிக்கிறது, பூங்காவின் வேலி சாய்கிறது. செடி விற்கும் ஊரில் ஆற்றங்கரை மொட்டையாகக் கிடக்கிறது என்பது கட்டுரைக்கு எவ்வளவு நல்ல தொடக்கம்! குறளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கரையைப் பிடித்து நிறுத்த மூங்கிலும் வெட்டிவேரும் ஏற்றவை. வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் பல அடி ஆழத்துக்கு நேராக இறங்கி மண்ணைக் கட்டிப்பிடிக்கும். ஆனால் நினைத்த இடத்தில் நடக்கூடாது. ஆற்றின் இரு பக்கமும் ஒதுக்கு நிலம் உண்டு. வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியின்படி, 5 மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். 10 முதல் 20 மீட்டர் அகலமென்றால் 20 மீட்டர். 40 மீட்டருக்கு மேல் போனால் 50 மீட்டர். அந்த ஒதுக்கு நிலத்தில்தான் தூர்வாரும் இயந்திரம் வந்து போகும். இயந்திரம் வரும் பாதையில் மரம் நட்டால் அடுத்த தூர்வாரலில் அது போய்விடும். நட்டவர்களுக்கு மனம் வெறுத்துவிடும். பிறகு கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

ஆகவே அனுமதி முதலில். ஆறு மாநில அரசுக்குரியது, பராமரிப்பு வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கு, பூங்கா ஊராட்சி மன்றத்துக்கு. சுங்கை பூலோவில் ஒரு பகுதி ஷா ஆலம் மாநகர் மன்றத்தின்கீழ் வருகிறது, இன்னொரு பகுதி செலாயாங் நகராண்மைக் கழகத்தின்கீழ். வீட்டு மதிப்பீட்டு வரிக் கடிதத்தில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில், பூங்காவின் இடம், பழுதான பொருள்களின் பட்டியல், படங்கள், சங்கம் ஏற்றுக்கொள்ளும் வேலை, மன்றம் செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுத வேண்டும். “தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்” என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஆசிரியர்களே, அதிகாரப்பூர்வக் கடிதம் கற்பிக்க இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

சமூகம் என்ற சொல்லையும் உடைத்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் “பொதுமக்கள்” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பொதுமக்கள் என்று யாரும் வந்து வேலை செய்வதில்லை. வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். உணவகம் நடத்துபவர் கொழுப்பு வடிகட்டும் தொட்டி வைத்து வாரந்தோறும் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். பாசார் மாலாமில் ஒட்டுக்கடை போடுபவர், பொரித்த எண்ணெயை லோங்காங்கில் ஊற்றாமல் கலனில் சேர்த்து விற்கலாம். பழைய எண்ணெயை வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. செடிக்கடைக்காரர் விற்காமல் தேங்கிய நாற்றுகளைக் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற பெரியவர்கள் காலை நடையை அங்கே வைத்துக்கொண்டாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். தினமும் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் யாரும் துணிந்து மெத்தை போட மாட்டார்கள். விளக்கு எரியாவிட்டால் பெண்களும் பிள்ளைகளும் மாலையில் வரமாட்டார்கள். அதை மன்றம்தான் செய்ய வேண்டும்.

நம் தமிழர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் இதில் தனிப் பங்கு இருக்கிறது. பூசை மாலை, தேங்காய், துணி, காரியம் முடிந்த பொருள்கள் எல்லாவற்றையும் ஆற்றில் விடுவது நம் பழக்கம். சடங்கைக் கைவிடச் சொல்லவில்லை. பூவும் இலையும் மட்கும். மாலைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நூலும் ஜிகினாவும், கட்டிக்கொண்டுபோன பிளாஸ்டிக் பையும் மட்காது. கோயில் நிர்வாகம் கரையில் ஒரு தொட்டி வைத்து, பூவைத் தனியே பிரித்து உரமாக்கினால் அந்த உரமே பூங்காச் செடிகளுக்கு ஆகும். இதை ஒரு மாணவர் கட்டுரையில் எழுதினால், வேறு எந்தத் தாளிலும் இல்லாத ஒரு கருத்து அவருக்குக் கிடைத்துவிடும்.

இனி பள்ளி. சுற்றுச்சூழல் கழகமும் தமிழ்மொழிக் கழகமும் சேர்ந்தே செய்யக்கூடிய வேலை ஆற்றைக் கவனித்து எழுதுவது. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தண்ணீரின் நிறம், மணம், தெளிவு, அமில காரத் தன்மை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்து என்ன பூச்சி இருக்கிறது என்று எழுதுங்கள். தட்டான் பூச்சியின் இளம்பருவம் தென்பட்டால் நல்ல அறிகுறி. சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் உயிர்வளி குறைவு. ஆறு மாதக் குறிப்பு இருந்தால் மன்றத்திடம் பேசும்போது நம் பேச்சுக்கு எடை கூடும். பாதுகாப்பை மறந்துவிடாதீர்கள். கையுறை, பூட்ஸ் கட்டாயம், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் ஆற்று நீரிலும் சேற்றிலும் இருக்கிறது; காலில் புண் இருக்கும் பிள்ளையை இறக்க வேண்டாம். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருந்தால் தண்ணீர் திடீரென ஏறும். பெற்றோர் அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரையும் அழைத்துப் போகக்கூடாது.

கட்டுரைக்குத் திரும்புவோம். ஒரே கருத்து எப்படி மாறுகிறது என்பதைக் கீழே பாருங்கள்.

வழக்கமாக வருவது: “பொதுமக்கள் கோத்தோங்-ரோயோங் நடத்திப் பூங்காவைத் தூய்மைப்படுத்த வேண்டும். இதன்வழி பூங்கா அழகாகக் காட்சியளிக்கும். மக்களிடையே ஒற்றுமையும் வளரும்.”

கொஞ்சம் சரக்கு சேர்த்தால்: “பூங்காவை ஒட்டிய உணவகங்களின் எண்ணெய்க் கழிவு வடிகால் வழியாக ஆற்றில் கலப்பதால்தான் அங்கே துர்நாற்றம் வீசுகிறது. எனவே, குடியிருப்பாளர் சங்கம் முதலில் அந்த உணவக உரிமையாளர்களைச் சந்தித்து, கொழுப்பு வடிகட்டும் தொட்டியைப் பொருத்தக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் ஐந்தாம் வகுப்பு நிலையில் இருந்த சுங்கை வே, மக்களின் தொடர் முயற்சியால் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்தது இதற்குச் சான்றாகும். நாற்றம் குறைந்தால் மக்கள் தாமாகவே பூங்காவை நாடி வருவர்.”

இரண்டாவது பத்தியில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. காரணம் இருக்கிறது, செய்பவர் இருக்கிறார், சான்று இருக்கிறது, விளைவு இருக்கிறது. மாணவர்கள் பத்தியை எழுதி முடித்ததும் “யார்?” என்ற கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்டுப் பார்க்கட்டும்.

எழுத்துப்பிழையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் ஓரம் கரை; சட்டையில் படிவது கறை. “ஆற்றங்கறை” என்று எழுதும் தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. இந்த ஆறுகளைப் பார்த்தால் அது பிழையா, உண்மையா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும்! ஆனாலும் தேர்வில் புள்ளி குறையும். அதேபோல, ‘கவனிப்பாரற்ற’ என்பதில் வருவது றன்னகரம். ‘கவணிப்பாரற்ற’ என்று எழுதக்கூடாது. ‘துப்புரவு’ சரி, ‘துப்பரவு’ பிழை.

அடுத்த வாரப் பயிற்சிக்கு: மாணவர்கள் தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள லோங்காங்கிலிருந்து தொடங்கி, அது எந்த வடிகாலில் சேர்கிறது, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று திறன்பேசி வரைபடத்தைப் பார்த்து ஒரு தாளில் வரைந்து வரட்டும். வழியில் உள்ள உணவகம், சந்தை, பட்டறை, கோயில், பள்ளி எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்கலாம்.